கேள்வி பதில்: புது மடிக்கணினியில் தடுமாறும் வைஃபை

கல்வியாண்டு தொடங்கும் பருவத்தில் மடிக்கணினி வாங்குவோர் பெருகுவதைப் போலவே, வாங்கிய சில வாரங்களில் "இணையம் சரியாக வரவில்லை" என்று எழுதுவோரும் பெருகுகிறார்கள். இம்முறை அத்தகைய கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். எழுதியவர்களில் பெரும்பாலோர் விண்டோஸ் 11 பயன்படுத்துவதால், விளக்கங்களும் அதையொட்டியே அமைந்துள்ளன.

கேள்வி: நான் கல்லூரி விரிவுரையாளர். அண்மையில் புது மடிக்கணினி வாங்கினேன். வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. கைப்பேசியில் வேகம் பார்த்தால் 90க்கு மேல் காட்டுகிறது. மடிக்கணினியில் 20ஐத் தாண்டுவதில்லை. இணையவழி வகுப்பு பாதியில் அறுந்துபோகிறது. இணைப்புக் கொடுத்தவரைக் கேட்டால் மடிக்கணினியில்தான் கோளாறு என்கிறார். கடைக்காரரோ, மோடம் பழையது, அதை மாற்றுங்கள் என்கிறார். யாரை நம்புவது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இப்போதைக்கு இருவரையுமே நம்ப வேண்டியதில்லை. இருவரும் வீட்டுக்கு வந்து அளந்து பார்த்துச் சொன்னவர்கள் அல்லர். ஆனால் உங்கள் கடிதத்திலேயே ஒரு பாதி விடை இருக்கிறது. அதே இணைப்பில், அதே மோடத்தின் வழியாகக் கைப்பேசிக்கு 90 வருகிறது என்றால், தெருவிலிருந்து வீடு வரை வரும் ஃபைபரில் குறையில்லை. மோடமும், அதாவது மோடம் என்று நாம் சொல்லிப் பழகிய ரவுட்டரும், அந்த அளவுக்கு வேலை செய்கிறது. ஆகவே தேட வேண்டிய இடம் ரவுட்டருக்கும் மடிக்கணினிக்கும் இடைப்பட்ட தூரம்தான்.

தேடுவதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். கூடத்தில் ரவுட்டருக்கு எதிரே நின்று கைப்பேசியில் பார்த்த 90ஐயும், இரண்டு சுவர் தள்ளிப் படுக்கையறை மேசையில் மடிக்கணினி காட்டும் 20ஐயும் ஒப்பிட்டால், தெரியவருவது சுவர்களின் தன்மைதானே தவிர மடிக்கணினியின் தன்மை அன்று. நீங்கள் வகுப்பு எடுக்கும் அதே மேசையில் இரண்டையும் அருகருகே வைத்து, ஒன்று முடிந்த பின் மற்றொன்றாக, ஒரே சோதனைத் தளத்தில் அளந்து பாருங்கள். அங்கே கைப்பேசியும் 20தான் காட்டுகிறது என்றால் மடிக்கணினியின் மேல் பழி போட இடமில்லை. ரவுட்டர் வைத்திருக்கும் இடத்தைப் பற்றி யோசிக்க வேண்டியதுதான்.

அதே மேசையில் கைப்பேசிக்கு 90 வந்து மடிக்கணினிக்கு 20 மட்டும் வந்தால், செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதனுள் வைஃபை, அதனுள் உங்கள் இணைப்பின் ப்ராப்பர்ட்டீஸ் என்ற பக்கத்தைத் திறந்து கீழே இறங்கிப் பாருங்கள். பலரும் எட்டிப் பார்க்காத இந்தப் பக்கத்தில் இரண்டு வரிகள் முக்கியமானவை. நெட்வொர்க் பேண்ட் என்ற வரி, வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் மடிக்கணினி 2.4 கிகாஹெர்ட்ஸில் இணைந்திருக்கிறதா, 5 கிகாஹெர்ட்ஸில் இணைந்திருக்கிறதா என்பதையும், அடைப்புக்குறிக்குள் அந்த அலைவரிசையின் உட்பிரிவான சேனலின் எண்ணையும் காட்டும். லிங்க் ஸ்பீடு என்ற வரி, மடிக்கணினியும் ரவுட்டரும் தமக்குள் ஒப்புக்கொண்டுள்ள வேகத்தைக் காட்டும். அது உங்கள் இணையத் திட்டத்தின் வேகம் அன்று. காற்றுவெளியில் இவ்விரண்டுக்கும் இடையே அப்போது இயலக்கூடிய மேல்வரம்பு. கையில் கிடைப்பது பெரும்பாலும் அதில் பாதியோ, அதற்குச் சற்று மேலோதான். அங்கே 72 என்று இருந்தால், நெரிசலே இல்லாத வீட்டில்கூட 40, 45க்கு மேல் எதிர்பார்க்க முடியாது. 433, 866 போன்ற எண்கள் 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பில் வருபவை. அவை இருந்தால் 100 எம்பிபிஎஸ் திட்டம் முழுவதுமாக உங்கள் கைக்கு வந்துவிடும்.

நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளைப் பார்த்தால், உங்கள் மடிக்கணினி 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது. இப்போதைய ரவுட்டர்கள் பல, இரண்டு அலைவரிசைகளையும் ஒரே பெயரில் ஒலிபரப்புகின்றன; எதில் சேர்வது என்பதைப் பெரும்பாலும் கருவியே முடிவு செய்கிறது. சுவர் தாண்டி வரும்போது 5 கிகாஹெர்ட்ஸ் விரைவில் தேய்ந்துவிடுவதாலும் 2.4 ஓரளவு வலுவுடன் வந்து சேர்வதாலும், கருவி வலுவான சிக்னலைப் பார்த்து மெதுவான பாதையைத் தேர்ந்தெடுத்துவிடும். அங்கேயோ நெரிசல் அதிகம். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று உரசாமல் பயன்படுத்தக்கூடிய சேனல்கள் 1, 6, 11 என மூன்றே மூன்று. அக்கம்பக்கத்து வீடுகளின் ரவுட்டர்கள் எல்லாம் அந்த மூன்றுக்குள் அடங்க வேண்டும். ஒன்று பேசும்போது அதே சேனலில் உள்ள மற்றவை காத்திருக்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவு எட்டு மணிக்குமேல் வேகம் படுத்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் கொடுத்து, மடிக்கணினியை அந்தப் பெயரில் மட்டும் இணைப்பது முதல் வழி. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் அந்தப் பக்கத்தின் முகவரியும் கடவுச்சொல்லும் இருக்கும். கைவைக்கத் தயக்கமாக இருந்தால் இணைப்புக் கொடுத்தவரையே செய்யச் சொல்லலாம், ஐந்து நிமிட வேலைதான். ரவுட்டரைத் தொடாமல் செய்ய வேண்டுமானால், டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் பகுதியில் வைஃபை அட்டையின் பெயரை இருமுறை சொடுக்கி, அட்வான்ஸ்டு என்ற பக்கத்தில் ப்ரிஃபர்ட் பேண்ட் என்பதை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றலாம். எல்லா அட்டைகளிலும் இந்த வசதி இருப்பதில்லை, பெரும்பாலானவற்றில் இருக்கும்.

வகுப்பு அறுந்துபோவது வேகத்திலிருந்து வேறான சிக்கல். அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்புச் சாளரத்தைத் திறந்து, பிங் என்ற ஆணையை ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு ரவுட்டரின் முகவரியை (பெரும்பாலும் 192.168.1.1) எழுதி, மீண்டும் ஓர் இடைவெளி விட்டு ஒரு சிறு கோடும் ஆங்கில டி எழுத்தும் சேர்த்து என்டர் அழுத்துங்கள். நொடிக்கு ஒரு வரி வீதம் ஓடத் தொடங்கும். ஒவ்வொரு வரியிலும் ரவுட்டரிலிருந்து மறுமொழி வர ஆன நேரம் மில்லி விநாடியில் இருக்கும். நலமாக உள்ள வைஃபையில் அது 2, 3, 5 என்று ஒற்றை இலக்கத்தில் ஓடும். எப்போதாவது ஒருமுறை 20, 30 என்று துள்ளினால் கவலையில்லை. இன்னொரு சாளரத்தைத் திறந்து, அதே ஆணையை 8.8.8.8 என்ற முகவரிக்கு (இணையத்தில் உள்ள கூகுளின் சர்வர்) கொடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, வகுப்பை நடத்துங்கள். படம் உறையும் நொடியில் இரண்டு சாளரங்களிலும் எண்கள் 300, 800 என்று எகிறினாலோ, ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட் என்று வந்தாலோ, பிழை வீட்டுக்குள், வைஃபையில் இருக்கிறது. ரவுட்டர் சாளரம் அமைதியாக ஓடிக்கொண்டிருக்க 8.8.8.8 மட்டும் தடுமாறினால், பிழை வீட்டுக்கு வெளியே. அந்தச் சாளரத்தைப் படமெடுத்து இணைப்பு நிறுவனத்துக்கு அனுப்பினால், "மடிக்கணினியில் கோளாறு" என்ற பழைய பதிலை அவர்களால் எளிதில் சொல்ல முடியாது.

வீட்டுக்குள்தான் பிழை, ஆனால் மடிக்கணினி 5 கிகாஹெர்ட்ஸில்தான் இருக்கிறது என்றால், சேனல் எண்ணைப் பாருங்கள். 52 முதல் 144 வரையுள்ள சேனல்களை வானிலை ராடார் போன்றவற்றோடு பகிர்ந்துகொள்ள வேண்டியிருப்பதால், ராடார் சைகை என்று ஐயப்பட்டாலே ரவுட்டர் அந்தச் சேனலை விட்டு விலகியாக வேண்டும் என்பது விதி. அப்படி விலகும்போது இணைப்பு அறுபடும். ரவுட்டரில் சேனலை ஆட்டோ என்று விடாமல் 36 முதல் 48 வரையிலோ, 149 முதல் 161 வரையிலோ ஒன்றாக நிலைநிறுத்திவிட்டால் இந்தத் தொல்லை இராது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். புது மடிக்கணினி முதல் சில நாள்கள் சும்மா இருப்பதில்லை. விண்டோஸ் புதுப்பிப்புகளைப் பல ஜிபி அளவுக்கு இறக்கிக்கொண்டிருக்கும். பழைய கணினியிலிருந்து கொண்டுவந்த படங்களையும் ஆவணங்களையும் ஒன்டிரைவ் மேலே ஏற்றிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் நெட்வொர்க் என்ற தலைப்பைச் சொடுக்கினால், யார் அதிகம் உறிஞ்சுகிறார்கள் என்பது மேலே வந்து நிற்கும். வகுப்பு நேரத்தில் அவற்றை நிறுத்திவைத்துவிட்டு, இரவில் ஓடவிடுங்கள்.

இவ்வளவும் செய்து, ரவுட்டரிலிருந்து இரண்டு மீட்டர் தூரத்தில் தடையேதும் இன்றி வைத்தும் மடிக்கணினியில் சிக்னல் முழுதாக வரவில்லை என்றால், அப்போதுதான் கருவியைச் சந்தேகிக்க வேண்டும். வைஃபை அட்டையிலிருந்து திரையின் ஓரத்திலோ கீல் அருகிலோ உள்ள ஆன்டெனாக்களுக்கு மெல்லிய கம்பிகள் செல்கின்றன. அவற்றின் பொத்தான் போன்ற இணைப்பு தொழிற்சாலையிலேயே சரியாக அழுந்தாமல் போவது உண்டு. உத்தரவாதக் காலத்தில் திருகுகளைக் கழற்றாதீர்கள். அளவுகளை எழுதி எடுத்துக்கொண்டு சேவை மையத்துக்குச் செல்லுங்கள்.

கேள்வி: கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் பணிபுரிகிறேன். புது மடிக்கணினியில் வைஃபை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெளிப்புற ஹார்டு டிஸ்க்கைச் செருகிக் கோப்புகளை நகலெடுக்கும்போது மட்டும் இணையம் நின்றுபோகிறது; கம்பியில்லா மவுஸும் தடுமாறுகிறது. வைரஸாக இருக்குமோ?
– வாசகர், திருப்பூர்

பதில்: வைரஸ் இல்லை. நீங்கள் கவனித்து எழுதியிருக்கும் இந்த ஒரு வரியே நோயை அடையாளம் காட்டிவிடுகிறது. யுஎஸ்பி 3.0 இணைப்பில் தரவு நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடும்போது, கம்பியிலிருந்தும் இணைப்பு முனையிலிருந்தும் வானொலி இரைச்சல் கசிகிறது. அந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் பரவுகிறது. இன்டெல் நிறுவனம் 2012இல் இதை அளந்து ஓர் அறிக்கையாகவே வெளியிட்டது. உங்கள் வைஃபை 2.4இல் இருந்தால் அதுவும், அதே அலைவரிசையில் இயங்கும் மவுஸும் ஒருசேரப் பாதிக்கப்படுகின்றன. நகலெடுப்பு முடிந்ததும் இரண்டும் தாமாகவே சரியாகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

மடிக்கணினியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் வைஃபையின் பாடு தீர்ந்தது. மவுஸுக்கு, அதன் சிறு ரிசீவரை ஹார்டு டிஸ்க் செருகிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத் துளையில் செருகுங்கள். இரண்டு துளைகளும் ஒரே பக்கத்தில் இருந்தால், ஒரு முழ நீள யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பி வாங்கி ரிசீவரை மவுஸ் அருகே கொண்டுவந்துவிடுங்கள். ஹார்டு டிஸ்க்கின் கம்பி மலிவானதாக இருந்தால் அதையும் மாற்றிப் பாருங்கள். உள்ளே உலோக வலை சுற்றிய நல்ல கம்பியில் கசிவு வெகுவாகக் குறையும். டிஸ்க்கைத் திரையின் பின்புறம் சாய்த்து வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. ஆன்டெனா பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது என்பதால், அந்த இடம் மட்டும் வேண்டாம்.

புளூடூத் இயர்போன் அணிந்தால் வைஃபை மந்தமாகிறது என்று வேறு இரு வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். புளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் இயங்குகிறது. மடிக்கணினிகளில் வைஃபையும் புளூடூத்தும் பெரும்பாலும் ஒரே அட்டையில் அமைந்திருப்பதால், இரண்டும் நேரத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவர்களுக்கும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவதே விடை.

கேள்வி: மடிக்கணினியை மூடிவைத்துவிட்டுத் திறந்தால் வைஃபை இணைவதில்லை, சில நேரம் வைஃபை என்ற பொத்தானே காணாமல் போகிறது. கடையில் ஒவ்வொரு முறையும் நெட்வொர்க் ரீசெட் செய்து தருகிறார்கள். இரண்டு நாளில் மீண்டும் அதே கதைதான்.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: நெட்வொர்க் ரீசெட் என்பது சேமித்துவைத்த கடவுச்சொற்கள், விபிஎன் அமைப்புகள் அனைத்தையும் துடைத்துவிட்டு அடாப்டரை மறுபடி நிறுவுவது. கடைசியில் செய்ய வேண்டியதை அவர்கள் முதலிலேயே செய்கிறார்கள். உறக்க நிலையிலிருந்து எழும்போது மட்டும் அட்டை காணாமல் போகிறது என்பதால், சிக்கல் அட்டையை இயக்கும் மென்பொருளான டிரைவரிலோ, மின்சேமிப்பு அமைப்பிலோ இருக்க வேண்டும்.

மடிக்கணினியின் அடியில் உள்ள மாடல் எண்ணைக் கொண்டு, அதைத் தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில் சப்போர்ட் பகுதிக்குச் சென்று, உங்கள் மாடலுக்கென்றே கொடுத்துள்ள வைஃபை டிரைவரை இறக்கி நிறுவுங்கள். விண்டோஸ் தானாகப் போட்டுக்கொள்ளும் டிரைவர் பல நேரங்களில் போதுமானதுதான். ஆனால் உறக்கமும் விழிப்பும் அந்தந்த மாடலின் மின்னமைப்போடு பின்னியவை என்பதால், தயாரிப்பாளர் சோதித்து வெளியிட்டதே இங்கே பொருத்தமானது. டிரைவர் அப்டேட்டர் என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்களின் பக்கம் போகவே வேண்டாம். அவை கொண்டுவரும் விளம்பரத் தொல்லைக்கு வேறு மருந்து தேட வேண்டியிருக்கும்.

பிறகு, டிவைஸ் மேனேஜரில் வைஃபை அட்டையின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரத்தைச் சேமிக்க இக்கருவியை அணைத்துவிட அனுமதிக்கும் குறியை எடுத்துவிடுங்கள். புதிய மாடல்கள் சிலவற்றில் அந்தப் பக்கமே தென்படாது. அப்படியானால் அதை விட்டுவிடலாம். ஒரு விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பின்தான் தொல்லை தொடங்கியது என்று நினைவிருந்தால், டிரைவர் பக்கத்தில் ரோல் பேக் டிரைவர் என்பதை அழுத்திப் பழையதற்குத் திரும்புங்கள்.

பொத்தான் காணாமல் போகும் வேளையில் ஷட்டவுன் செய்து மறுபடி போடுவதில் பயன் குறைவு. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதி இயங்கும் கணினியில் ஷட்டவுன் என்பது முழு அணைப்பு அன்று. அமைப்பின் ஒரு பகுதியை டிஸ்க்கில் சேமித்துவைத்து, அடுத்த முறை அதையே எடுத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

கேள்வி: ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்தாலும் லிங்க் ஸ்பீடு 54க்கு மேல் ஏறுவதே இல்லை. மடிக்கணினி வைஃபை 6 வகை என்று பெட்டியில் போட்டிருக்கிறது.
– வாசகர், கோவில்பட்டி

பதில்: சொல்லிவைத்தாற்போல் 54இல் நிற்பதே துப்பு. ரவுட்டரின் பாதுகாப்பு அமைப்பில் டிகேஐபி என்ற பழைய மறையாக்க முறை தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும். 2009இல் வந்த வைஃபை 4 தொடங்கி, அந்த முறையைப் பயன்படுத்தினால் புதிய வேகங்கள் கிடைக்காது. இணைப்பு அதற்கு முந்தைய தலைமுறையின் 54க்கு இறங்கிவிடும். டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று மாற்றிச் சேமியுங்கள். வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளையும் மறுபடி இணைக்க வேண்டியிருக்கலாம். டிகேஐபி பாதுகாப்பிலும் காலாவதியானது என்பதால், வேகத்தைப் பற்றிக் கவலைப்படாதவர்களும் இதை மாற்றிக்கொள்வது நல்லது.

கேள்வி: 100 எம்பிபிஎஸ் என்று பணம் வாங்குகிறார்கள். கோப்பு இறக்கும்போது 11 எம்பி என்றுதான் காட்டுகிறது. ஏமாற்றா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: இல்லை. திட்டத்தின் 100 மெகாபிட்டில் சொல்லப்படுவது. உலாவி காட்டும் 11 மெகாபைட்டில் சொல்லப்படுவது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 100ஐ எட்டால் வகுத்தால் 12.5, வழிச்செலவு போக 11 கிடைப்பது நிறைவான இணைப்பு.

கேள்வி: படுக்கையறையில் சிக்னல் இல்லை. ரிப்பீட்டர் ஒன்று வாங்கி நடுவில் செருகினால் போதும் என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: வாங்குவதற்கு முன் ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நம் வீடுகளில் ஃபைபர் நுழையும் இடமே ரவுட்டருக்கும் இடமாகிவிடுகிறது: வாசல் அருகே மீட்டர் பெட்டிக்கு மேல், பரணில், இரும்பு பீரோவின் பின்னால். உலோகத்தை வைஃபை அலை ஊடுருவாது; கம்பி கட்டிய கான்கிரீட்டிலும் பெரும்பகுதியை இழந்துவிடும். இணைப்பு நிறுவனத்திடம் கேட்டால், ஃபைபரைச் சில மீட்டர் நீட்டி ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதியில் தலை உயரத்தில் பொருத்தித் தருவார்கள்; சிலர் கூலி கேட்பார்கள், அது ரிப்பீட்டரைவிட மலிவாகவே முடியும்.

மலிவு ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் கேட்டதை அதே அலைவரிசையில் திருப்பிச் சொல்வதால், வேகம் ஏறத்தாழப் பாதியாகிறது. வாங்குவோர் பலர் சிக்னலே இல்லாத அறையில் அதைச் செருகிவிடுவதையும் பார்க்கிறேன்; அங்கே அதற்குத் திருப்பிச் சொல்ல ஒன்றும் கிடைக்காது. கோடுகள் நிறையத் தெரியும், இணையம் வராது.

சுவரோரமாக ரவுட்டரிலிருந்து அந்த அறைக்கு ஒரு கேட் 6 நெட்வொர்க் கேபிள் இழுக்க முடிந்தால் அதுவே நிலையான தீர்வு. பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரைக்கூட இதற்குப் பயன்படுத்தலாம். அதில் கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபி என்பதை நிறுத்தி, அதன் முகவரியை 192.168.1.2 என்பது போல முதன்மை ரவுட்டரோடு மோதாத எண்ணாக மாற்றி, கேபிளின் முனையை வேன் (WAN) என்று எழுதிய துளையில் செருகாமல் லேன் (LAN) துளைகளில் ஒன்றில் செருகுங்கள். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும். சேனல் மட்டும் வேறாக இருக்கட்டும். முதன்மை ரவுட்டரில் 2.4க்கு 1 என்றால், இதில் 6 அல்லது 11.